வெறும் மண்ணில் அடை காக்கும் கோழி

கேள்வி: கொல்லையில் ஏழு சிறுவிடை நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்குமென்று சேவல் வைத்துக்கொள்ளவில்லை. இதில் ஒரு கறுப்புப் பெட்டை பத்து, பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. முட்டையை எல்லாம் எடுத்துவிட்டாலும் வெறும் மண்ணில் உட்காருகிறது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தை பிறந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். மூக்கில் இறகும் செருகிவிட்டேன். ஒரு நாள் எழுந்து திரிந்தது, மறுநாள் பழைய இடத்துக்கே போய்விட்டது. அறுத்துக் குழம்பு வைத்துவிடு என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அறுக்க வேண்டாம் அம்மா. முதல் வேலையாக, மூக்கில் செருகிய இறகை இன்றைக்கே மெதுவாக உருவிவிடுங்கள். அந்த இடத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவுங்கள். மூக்கு புண்ணானால் கோழி இரை எடுக்காது. நாம் நினைத்தது ஒன்று, நடப்பது வேறொன்றாகிவிடும்.

தண்ணீரில் முக்குவதை நானும் செய்திருக்கிறேன். செம்பி என்று ஒரு கோழி என்னிடம் இருந்தது. பதினோரு முட்டை வைத்தால் பதினொன்றையும் பொரித்துக்கொண்டு எழும். ஒரு ஐப்பசி மழையில் குதிருக்குப் பின்னால் அடைக்கு உட்கார்ந்தது. மழைக்காலக் குஞ்சு தங்காதே என்று, காலையும் மாலையும் அதைத் தொட்டித் தண்ணீரில் கழுத்து வரைக்கும் முக்கினேன். மூன்றாம் நாள் மூச்சு கொர்கொர் என்று இழுத்தது. ஐந்தாம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் விறைத்துக் கிடக்கிறது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு கோழியையும் நான் தண்ணீரில் முக்கியதில்லை.

உங்கள் கறுப்பி உங்களிடம் பிடிவாதம் காட்டவில்லை. ராத்திரியில் அதன் வயிற்றுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருக்கும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுடும். நமக்கு உடம்புச் சூடு 98.4 என்றால் கோழிக்கு எப்போதுமே 105 பாரன்ஹீட்டுக்கு மேலேதான். அந்தச் சூட்டை முட்டைக்கு நேராகக் கொடுக்கத்தான் வயிற்று இறகு உதிர்கிறது. இதையெல்லாம் செய்ய வைப்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதேதான். இது ஏறினால் முட்டைப்பை சுருங்கி, முட்டை இடுவது நின்றுவிடும். வயிற்றுத் தோலில் முட்டையோ, சூடான படுக்கையோ பட்டுக்கொண்டே இருக்கும் வரைக்கும் இது இறங்காது. முட்டையை எடுத்த பிறகும் அது மண்ணில் உட்காருவது அதனால்தான். அதன் சூட்டிலேயே அந்த மண் சூடாகி இருக்கும், தொட்டுப் பாருங்கள்.

அதனால் செய்ய வேண்டியது, வயிற்றுக்கு அடியில் காற்று போக வைப்பது. காய்கறி மண்டியில் தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டி இரண்டு வாங்குங்கள், அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அது. கால் சிக்காத சின்ன ஓட்டையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கீழே கையை நீட்டினால் காற்று தெரிய வேண்டும். கோழியை உள்ளே விட்டு, மற்றொரு பெட்டியை மேலே கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வைக்கோல், சாக்கு, துணி ஒன்றும் போடக் கூடாது. இருட்டு மூலையில் வைக்கவும் கூடாது. நிழலும் வெளிச்சமும் இருக்கிற, மற்ற கோழிகள் மேய்வது கண்ணில் படுகிற இடமாக வையுங்கள். தண்ணீரும் இரையும் எப்போதும் உள்ளே இருக்கட்டும். சிலர் பட்டினி போடச் சொல்வார்கள். அடைக்கோழி ஏற்கெனவே ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து, அவசரமாக நாலு வாய் கொத்திவிட்டு ஓடி இளைத்துப்போய் இருக்கிறது, அதைப் பட்டினி போடுவது பாவம். ராத்திரியும் அது பெட்டியிலேயே இருக்க வேண்டும். கீரி, பூனை வரும் என்றால் திண்ணைக்குத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ராத்திரி கழித்து, நாலாம் நாள் காலையில் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூடவே நில்லுங்கள். மற்றதுகளோடு சேர்ந்து குப்பையைக் கிளறினால் வேலை முடிந்தது. நேரே பழைய இடத்துக்கு ஓடினால் மறுபடி இரண்டு நாள். தெளிந்த கோழி உடனே முட்டை இடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். வெளுத்துப்போன கொண்டை திரும்பச் சிவக்கும் வரைக்கும் கம்போடு கொஞ்சம் உப்பில்லாத கருவாட்டுத் தூள் கலந்து போடுங்கள். கரையான் கிடைத்தால் இன்னும் நல்லது.

முக்கியமான விஷயம் எந்த நாளில் ஆரம்பிக்கிறீர்கள் என்பது. பொழுது சாய்ந்ததும் எல்லாக் கோழியும் ஏறி அடைந்த பிறகு, ஒன்று மட்டும் முட்டை இடுகிற இடத்திலேயே படுத்திருந்தால் அன்றைக்கே பெட்டியில் போடுங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டால் தெளிய வைப்பது கஷ்டம். முட்டையைக் காலையிலும் சாயந்திரமும் எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் ஒரே இடத்தில் பன்னிரண்டு முட்டை சேர விட்டீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு செய்தாலும் அது மறுபடி உட்காரும் அம்மா. வருஷத்துக்கு முந்நூறு முட்டை இடுகிற வெள்ளை லெகார்ன் கோழிக்கு அடை காக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். நம் சிறுவிடை அறுபது, எழுபது முட்டைதான் இடும், ஆனால் தன் குஞ்சைத் தானே பொரித்து, பருந்து வந்தால் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். முட்டை மட்டும் போதும் என்றால் உங்களுக்கு ஏற்றது வேறு கோழி. கறுப்பி மாதிரி ஒன்று என் வீட்டில் இருந்தால், மூன்றாவது தடவை நான் அதன் வழிக்கே விட்டுவிடுவேன். சேவல் வைத்திருப்பவரிடம் ஒன்பது முட்டை கேட்டு வாங்கி, ராத்திரியில் அதன் அடியில் வையுங்கள். சித்திரை வெயில் போய் ஆனிக் காற்று வந்துவிட்டது, பொரிக்க நல்ல காலம். பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும்.

கேள்வி: அடை வைக்கும்போது கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போட்டால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகர், திருப்புவனம்

பதில்: எங்கள் அம்மா காய்ந்த மிளகாயும் சேர்த்துப் போடுவார். அவர் நினைவாக நானும் போடுகிறேன். ஆனால் முட்டை கெடுவது ஈரத்தால்தான். மழை பெய்யும்போது கூடைக்குள் சாரல் அடிக்கும், கோழி எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும், பழி இடிமேல் விழும். கூடையைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வைக்கோல், நடுவே ஒரு பிடி வேப்பிலை போட்டால் கோழியைக் கடிக்கும் செள்ளுப் பூச்சி அண்டாது. செள் கடி தாங்காமல் பாதியில் எழுந்துவிடும் கோழிகள் நிறைய. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை வைக்காதீர்கள். ஏழாம் நாள் ராத்திரி, செல்போன் டார்ச் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்திக்கூடு மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கூமுட்டையாகி வெடித்து நல்ல முட்டையையும் கெடுக்கும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும்.

கேள்வி: கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை அடை வைக்கலாமா?
- ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: பொரிக்காது. பண்ணையில் பெட்டைகள் மட்டும்தான் கூண்டில் இருக்கின்றன, சேவல் சேராத முட்டையில் கரு கிடையாது. இருபத்தொரு நாள் கோழியைச் சும்மா காக்க வைக்காதீர்கள்.