காந்தப்புலம் இருந்தாலும் ஒரு கோளின் வளிமண்டலம் கசியுமா?

கசியும். "செவ்வாய்க்குக் காந்தக் கவசம் இல்லை, அதனால்தான் காற்றைப் பறிகொடுத்தது" என்று படித்துப் படித்து, கவசம் இருந்தால் கவலையே இல்லை என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். யாராவது அப்படிக் கேட்டால் நான் யுரேனஸைத்தான் காட்டுவேன். அதற்குக் காந்தப்புலம் உண்டு; ஆனாலும் பின்பக்கமாக ஒழுகுகிறது.

சூரியக் காற்று (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) மோதும் பக்கம் காந்தப்புலம் அமுங்கும், மறுபக்கம் நீண்ட வாலாக இழுபடும். வாலின் ஒரு பாதியில் காந்தக்கோடுகள் கோளை நோக்கியும் மறு பாதியில் எதிர்த்திசையிலும் ஓடும். இரண்டும் நடுவில் நெருங்கும்போது அறுந்து, வேறு விதமாக இணையும். வளிமண்டலத்திலிருந்து மேலேறி வாலில் சேர்ந்த அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்), குழாய்முனையில் திரளும் சொட்டு மாதிரி, காந்தக் குமிழியாகக் கழன்றுபோகும். இதற்குப் பெயர் பிளாஸ்மாய்டு.

1986 ஜனவரி 24 அன்று நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கிக் கடந்தது. அதன் காந்தமானித் தரவை 2019-ல் நாசா விஞ்ஞானிகள் ஜினா டிபிராச்சியோவும் டேனியல் கெர்ஷ்மனும் 1.92 விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து மறுபடி வரைந்தார்கள். முன்பு சராசரி போட்டதில் வழுவழுவென்று தெரிந்த கோடு இப்போது மேடும் பள்ளமுமாக வந்தது. அதில் ஓரிடத்தில் புலம் ஒரு பக்கம் எகிறி, உடனே எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. 45 மணி நேரப் பயணத்தில் வெறும் 60 விநாடி! (எதற்கெடுத்தாலும் சராசரி போட்டுத் தரவைத் தேய்ப்பவர்கள் கவனிக்க.) அது பிளாஸ்மாய்டு ஒன்று கடந்துபோன தடயம். அந்தக் குமிழியின் நீளம் குறைந்தது 2,04,000 கி.மீ. என்று கணக்கிட்டார்கள். உள்ளே பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிகள்.

யுரேனஸ் இழக்கும் வளிமண்டலத்தில் 15 முதல் 55 சதவீதம் இந்த வழியாகப் போகலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. எண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி பாருங்கள்! ஒரே ஒரு குமிழியை வைத்துப் போட்ட கணக்கு, அதை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, வாயேஜர் போன சமயத்தில் பலத்த சூரியக் காற்று அந்தக் காந்த மண்டலத்தை அமுக்கி வைத்திருந்தது, அப்படிப்பட்ட நிலை 4 சதவீத நேரம்தான் இருக்கும் என்று 2024-ல் இன்னொரு ஆய்வு வந்தது. வாயேஜருக்குப் பின் இதுவரை எந்த விண்கலமும் அங்கே போகவில்லை.

பூமிக்கும் வால் உண்டு, கசிவும் உண்டு. எல்லா வழியிலும் சேர்த்து நாளுக்குச் சுமார் 90 டன் போகிறது என்கிறார்கள். பயப்படாதீர்கள். நம் வளிமண்டலத்தின் எடை சுமார் 50 கோடி கோடி டன், அதாவது 50,00,00,000 கோடி டன். இதே வேகத்தில் நூறு கோடி ஆண்டு ஒழுகினாலும் ஒரு சதவீதம்கூடக் குறையாது.