தாய்ப்பத்திரம் இல்லாத பூனை: வாசகர் கேள்வி - பதில்

வம்சாவளிப் பூனைகள், அவற்றின் பதிவேடு, கேட் ஷோ பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அமெரிக்காவில் சி.எஃப்.ஏ. (கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் என்ற பூனைப் பதிவுச் சங்கம்) நடத்தும் ஷோக்களில் பல வருடம் ரிங் கிளார்க்காக, அதாவது ஜட்ஜுக்குப் பக்கத்தில் இருந்து எண்ணைக் கூப்பிட்டு எழுதிக்கொள்பவளாக, உட்கார்ந்தவள், அதனால் பதில்களில் அந்த ஊர் நடைமுறையே அதிகம் வரும்.

கே: பெர்ஷியன் குட்டி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. "பேப்பர் அப்புறம் அனுப்புகிறேன்" என்று சொன்ன பிரீடர் இப்போது போனையே எடுப்பதில்லை. அந்தப் பேப்பர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? (வாசகி, சிகாகோ)

ப: குட்டிக்கு ஒன்றும் குறையாது. குறைவது உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆதாரம். ஊரில் மனை வாங்கப் போனால் முதலில் "தாய்ப்பத்திரம் எங்கே?" என்று கேட்போம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும். ஒரு பூனையின் அப்பா யார், அம்மா யார், அவர்களைப் பெற்றவை எவை என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போகும் கணக்குதான் பெடிக்ரி. அந்தக் கணக்கை ஒரு சங்கம் தன் புத்தகத்தில் ஏற்றி எண் கொடுப்பதுதான் ரிஜிஸ்ட்ரேஷன். குட்டிகள் பிறந்ததும் பிரீடர் அந்தப் பிரசவத்தையே மொத்தமாகப் பதிய வேண்டும், கடுவன் வேறொருவருடையது என்றால் அவர் கையெழுத்தும் வேண்டும். அதன் பிறகுதான் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகப் பேர் வைத்துப் பதிய முடியும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டா பதிகிறார்கள்? இல்லை, பிரீடரின் கையெழுத்தை நம்பித்தான் பதிகிறார்கள். ஆகவே அது உடல்நலச் சான்றிதழ் கிடையாது. பெர்ஷியனில் பி.கே.டி. என்று ஒரு பரம்பரை நோய் உண்டு, சிறுநீரகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கட்டி வளர்ந்து கடைசியில் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. டி.என்.ஏ. பரிசோதனை வருவதற்கு முன் பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெர்ஷியன்களுக்கு அது இருந்தது. பேப்பருக்காகப் பிரீடரைத் துரத்துவதற்கு முன் அந்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு, விற்கும்போது எழுத்தில் ஏதாவது கொடுத்திருந்தால் (மெயில், மெசேஜ் எதுவானாலும்) அதை இணைத்துச் சங்கத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். வாய்வார்த்தைதான் இருக்கிறது என்றால் சங்கத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அதை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான்.

கே: இந்த விதிகளை எல்லாம் யார் போடுகிறார்கள்? அரசாங்கமா? (வாசகர், டொரொண்டோ)

ப: அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் பூனைப் பிரியர்களே கூடிப் போட்டுக்கொண்டவை. 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். எந்தப் பூனை நல்ல பூனை என்று அளக்க ஒரு அளவுகோல் வேண்டுமே, அதையும் அவரே எழுதினார். 1887-ல் அங்கே நேஷனல் கேட் கிளப் வந்தது, 1910-ல் ஜி.சி.சி.எஃப். என்ற பிரிட்டிஷ் பதிவுச் சங்கம் வந்தது. இதே மாதிரிச் சங்கங்களாக அமெரிக்காவில் சி.எஃப்.ஏ. 1906-ல், ஐரோப்பாவில் ஃபிஃபே 1949-ல், மறுபடி அமெரிக்காவில் டிகா 1979-ல் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம், தனிச் சட்டம்.

சி.எஃப்.ஏ.-வில் உறுப்பினர் என்றால் தனி ஆள் கிடையாது, கிளப்தான் உறுப்பினர். ஒவ்வொரு கிளப்பும் ஒரு பிரதிநிதியை அனுப்பும், கோடையில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள்தான் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். நடுவில் வரும் அன்றாட முடிவுகளை சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு இனத்தின் ஸ்டாண்டர்டு, அதாவது அந்தப் பூனை எப்படி இருக்க வேண்டும் என்ற எழுத்து, அதில் மட்டும் போர்டு நினைத்தபடி கை வைக்க முடியாது. அந்த இனத்தை வளர்ப்பவர்களின் பிரீட் கவுன்சில் ஓட்டெடுத்து, நூற்றுக்கு அறுபது பேர் சம்மதித்தால்தான் மாற்றம் போர்டின் மேஜைக்கே போகும். இந்த ஏற்பாட்டில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கே: பூனைக்கு என்ன "சுத்தமான ரத்தம்"? வெளிப் பூனையைச் சேர்க்காமல் பதிவேட்டை மூடி வைப்பதெல்லாம் வெறும் அந்தஸ்துப் பேச்சுதானே? (வாசகி, சான் ஹோசே)

ப: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நம் ஊர் ஆளுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தாலே உறுத்தும், எனக்கும் உறுத்தியது. அதனால் ரத்தம் என்ற சொல்லையே விட்டுவிடுவோம், புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்று மட்டும் பார்ப்போம். அதற்கு பர்மீஸ் என்ற பூனை இனத்தின் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1930-ல் ஜோசப் தாம்ஸன் என்ற மருத்துவர் பர்மாவிலிருந்து ஒரு சின்னப் பழுப்புப் பெண் பூனையை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். பேர் வாங் மாவ். அதற்கு ஜோடி சேர்க்க அதே இனத்தில் வேறு பூனை இல்லை, சயாமீஸோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் சில சயாமீஸ் போலவும் சில தாயைப் போலவும் இருந்தன. தாயைப் போல இருந்தவற்றை மறுபடி தங்களுக்குள் சேர்த்தபோது இன்னும் அடர்த்தியான காப்பிக்கொட்டை நிறத்தில் குட்டிகள் வந்தன. வாங் மாவே பாதி சயாமீஸ்தான், இந்த அடர்ந்த நிறம்தான் தனி இனம் என்று அப்போதுதான் தெரிந்தது. 1936-ல் சி.எஃப்.ஏ. பர்மீஸைப் பதிய ஆரம்பித்தது. கிராக்கி ஏறியது, பூனையோ கொஞ்சம்தான். திரும்பத் திரும்ப சயாமீஸோடு கலந்து, பிறந்ததை எல்லாம் பர்மீஸ் என்று விற்றார்கள். ஆசையாக வாங்கியவர் வீட்டில் அது குட்டி போட்டால் பாதி சயாமீஸாக வந்து நிற்கும். 1947-ல் சி.எஃப்.ஏ. பர்மீஸ் பதிவையே நிறுத்திவிட்டது. மூன்று தலைமுறை பர்மீஸுக்கு பர்மீஸ் என்று காட்டினால்தான் திரும்பச் சேர்ப்போம் என்றார்கள். பிரீடர்கள் பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்தார்கள், 1950-களில் பதிவு மறுபடி திறந்தது. ஒரு சங்கம் தன் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று புத்தகத்தை மூடியது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

அதே இனத்தில்தான் மறுபக்கமும் நடந்தது. 1970-களில் அமெரிக்க பர்மீஸில் உருண்டைத் தலையும் குட்டை மூக்குமாக ஒரு வகை வந்தது, ஜட்ஜ்களுக்குப் பிடித்துப்போய் பரிசு ரிப்பன் குவிந்தது. அந்த முகத்தைக் கொடுத்த மரபணு ஒரு பிரதி இருந்தால் அழகான குட்டை முகம், இரண்டு பிரதி சேர்ந்தால் மண்டையும் முகமும் உருக்குலைந்து, பிழைக்கவே முடியாத குட்டி. பெட்டிக்குள் தாய்ப் பூனை மற்ற குட்டிகளோடு அதையும் நக்கிக்கொண்டிருக்கும், பிரீடர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார். ஒருமுறை பார்த்தேன், இன்னொரு முறை பார்க்க வேண்டாம். இன்றைக்கு அதற்கு டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. ஆனால் அத்தனை வருடம் அந்தத் தலைக்கு ரிப்பன் கொடுத்தது புத்தகமும் ஸ்டாண்டர்டும் ஓட்டும்தான். வளர்ப்பவர்களே தங்கள் இனத்துக்கு ஓட்டுப் போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். ஜெயிக்கும் முகத்துக்கு எதிராக ஓட்டுப் போட யாருக்கு மனம் வரும்? உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த அறுபது சதவீதம் தேவைப்படக் கூடாது, போர்டே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கிளப் கூட்டங்களிலும் இதையே சொல்லி வருகிறேன்.

கே: முதல்முறையாக ஷோவுக்குப் போகப் போகிறோம். என்ன நடக்கும், எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், கொலம்பஸ்)

ப: காலையில் ஹாலுக்குப் போனதும் உங்களுக்கென்று ஒரு கூண்டு இருக்கும், துணி விரித்து பூனையை வையுங்கள். நான்கு கால் நகமும் வீட்டிலேயே வெட்டியிருக்க வேண்டும், இது விதி. அறுவை செய்து நகத்தையே எடுத்துவிட்ட பூனைக்கு சி.எஃப்.ஏ. சாம்பியன்ஷிப்பில் இடமே கிடையாது, அந்த விதியை எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றும். ஷோவுக்கு முந்தைய இருபத்தொரு நாளில் உங்கள் வீட்டுப் பூனைகள் எதற்காவது படர்தாமரையோ தொற்று நோயோ இருந்திருந்தால், நல்லா இருக்கும் பூனையையும் கூட்டி வரக் கூடாது. கட்டிய பணம் போகிறதே என்று மறைத்துக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஒரு படர்தாமரைப் பூனை இருநூறு வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நான்கு மாதம் நிரம்பாத குட்டிக்கும் அனுமதி இல்லை. நிறம் தூக்கிக் காட்ட சாயம் பூசுவது அறவே கூடாது.

உங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் பூனையைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்கு, அதாவது ஒரு ஜட்ஜ் உட்கார்ந்து பார்க்கும் இடத்துக்கு, ஓடுங்கள், மூன்று தடவைக்கு மேல் கூப்பிட மாட்டோம். ரிங்கில் வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் எண் அட்டை. ஜட்ஜ் ஒவ்வொரு பூனையாக மேஜைக்குக் கொண்டுவந்து, நீளத்தைக் கையால் தடவி, முகவாயைத் தூக்கி, ஒரு இறகுக் குச்சியை ஆட்டி அது எப்படிப் பார்க்கிறது என்று கவனிப்பார். முடிந்ததும் கையையும் மேஜையையும் கிருமிநாசினி போட்டுத் துடைப்பார், அப்புறம்தான் அடுத்த பூனை. அவர் முன்னால் இருக்கும் ஜட்ஜஸ் புக்கில் எண், இனம், நிறம், வயது, பாலினம் மட்டும்தான் இருக்கும், பூனையின் பேரோ உங்கள் பேரோ இருக்காது. அதனால் கூண்டுப் பக்கம் நின்று "இது போன வாரம் ஜெயித்த பூனை" என்று சத்தமாகப் பேசாதீர்கள். பெர்ஷியன் என்றால் நூறு மார்க்கில் தலைக்கு முப்பது, உடலமைப்புக்கு இருபது, நிறத்துக்கு இருபது என்று போகும். ஒவ்வொரு ரிங்கும் தனிப் போட்டி என்பதால் ஒரு ஜட்ஜிடம் தோற்ற பூனை அடுத்த ரிங்கில் முதலாவதாக வருவது சாதாரணம். நீல ரிப்பன் முதல் இடம், சிவப்பு இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது.

பிரிட்டனில் ஜி.சி.சி.எஃப். ஷோக்களின் பழைய முறை வேறு மாதிரி. பூனைக்கு வெள்ளைப் போர்வை, வெள்ளைக் கிண்ணம், வெள்ளை மண் தட்டு, உடைமையாளர் வெளியே போய்விட வேண்டும், ஜட்ஜ் கூண்டு கூண்டாகப் போய்ப் பார்ப்பார். யாருடைய பூனை என்று ஒரு நூல் அளவு அடையாளம்கூடத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனையும் வெள்ளை.

கே: அமெரிக்காவில் ஸ்காட்டிஷ் ஃபோல்டு சாம்பியன் ஆகிறது, இங்கே அதைப் பதியவே மாட்டார்கள். எது சரி? (வாசகி, ஹாரோ, லண்டன்)

ப: உங்கள் ஊர்தான் சரி. 1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் சூஸி என்ற வெள்ளைப் பூனைக்குக் காது முன்பக்கம் மடிந்திருந்தது, எல்லா ஃபோல்டும் அதன் வழி வந்ததுதான். காதை மடிக்கும் அதே மரபணு உடம்பில் மற்ற குருத்தெலும்பையும் பாதிக்கிறது. வால் விறைக்கும், கணுக்கால் தடிக்கும், மூட்டு வலிக்கும். ஜி.சி.சி.எஃப். 1970-களின் தொடக்கத்திலேயே பதிவை நிறுத்தியது, ஃபிஃபேயும் ஏற்கவில்லை. சி.எஃப்.ஏ. 1978-ல் சாம்பியன்ஷிப் போட்டியில் கலந்துகொள்ள அனுமதி கொடுத்தது. மடிந்த காதை நிமிர்ந்த காதோடு மட்டும் சேர்த்தால் போதும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் பதில். அப்படிச் செய்தால் கடுமை குறைகிறது, வலி இல்லாமல் போவதில்லை. பூனை வலியை வெளியே காட்டாத பிராணி, தாவுவதை நிறுத்திவிட்டு அமைதியாகப் படுத்திருக்கும், நாம் "எவ்வளவு சாது" என்று கொஞ்சுவோம். நான் வேலை பார்க்கும் சங்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன், இந்தப் பதிவை நிறுத்த வேண்டும்.

கே: எங்களுடையது தெருவில் எடுத்த பூனை. ஷோவுக்கு வரலாமா? (பத்து வயது வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

ப: தாராளமாக வரலாம் கண்ணா. ஹவுஸ்ஹோல்டு பெட் என்று ஒரு பிரிவு இருக்கிறது, தாய்ப்பத்திரம் வேண்டாம், ஸ்டாண்டர்டும் கிடையாது. ஆரோக்கியமாக, சுத்தமாக, சந்தோஷமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எட்டு மாதம் தாண்டியிருந்தால் கருத்தடை செய்திருக்க வேண்டும். நகம் வெட்ட அம்மாவைக் கூட வைத்துக்கொள், முந்தின நாள் ராத்திரி தூங்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு காலாக வெட்டினால் தெரியவே தெரியாது.