அறிவியல் கேள்வி–பதில்: கைகோத்து நிற்கும் செல்கள்

கே: உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். வளர்ப்புக் குடுவையிலிருந்து செல்களைப் பெயர்த்தெடுக்க டிரிப்சினோடு ஈடிடிஏ என்ற பொருளையும் கலக்கச் சொல்கிறார்கள். டிரிப்சின் மட்டும் போதாதா என்று கேட்டால், ‘அதுதான் வழக்கம்’ என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை. (மாணவி, திருச்சிராப்பள்ளி)

ப: இதே இடத்தில் இடறித்தான் மசாடோஷி டகேய்ச்சி என்னும் ஜப்பானிய உயிரியலாளர் தம் வாழ்நாள் ஆய்வுக்கான பொருளைக் கண்டெடுத்தார். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிரிப்சின் என்பது புரதத்தைச் செரிப்பதற்காக நம் கணையம் சுரக்கும் நொதி. செல்லைக் குடுவையின் அடிப்பரப்போடும் பக்கத்துச் செல்லோடும் பிணைத்திருப்பவையும் புரதங்களே ஆதலால் அது அவற்றை வெட்டிவிடுகிறது. கல்லில் வார்த்த தோசை மாவைப்போலப் பரந்து கிடந்த செல்கள் சில நிமிடங்களில் ஓரங்களை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாவதையும், குடுவையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மெல்லத் தட்டியதும் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து மிதப்பதையும் நுண்ணோக்கியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த டகேய்ச்சி, இப்படிப் பிரித்தெடுத்த செல்கள் மீண்டும் கொத்துக்கொத்தாகச் சேர்வதை ஆராய்ந்து வந்தார். 1970-களில் அவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறைக்குச் சென்று அதே சோதனையைச் செய்தபோது, செல்கள் சேரவே மறுத்தன. ஊர் மாறினால் சோதனை கெடுவது ஆய்வகங்களில் புதிதன்று. பலரும் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். டகேய்ச்சியோ இரண்டு ஊர்களின் கரைசல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பால்டிமோரில் டிரிப்சினோடு ஈடிடிஏ சேர்ந்திருந்தது. கியோட்டோவில் அது இல்லை.

ஈடிடிஏ கால்சியத்தைப் பற்றி விலக்கிவிடும் பொருள். கால்சியம் இருக்கும்வரை செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதம் விறைப்பாக நின்று டிரிப்சினுக்கு அகப்படாமல் தப்பிக்கிறது என்றும், கால்சியம் போனதும் அது தளர்ந்து வெட்டுக்கு இலக்காகிறது என்றும் அவர் ஊகித்தார். செல்கள் ஒட்டுவதற்குக் கால்சியத்தைச் சார்ந்த வழியொன்றும் சாராத வழியொன்றும் உண்டு என்று காட்டும் கட்டுரை 1977-இல் வெளிவந்தது. கால்சியத்தைச் சார்ந்த புரதத்துக்கு 1984-இல் கேட்ஹெரின் என்று பெயர் வைத்தார். அதுதான் ஒட்டவைக்கிறது என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1987-இல் கிடைத்தது: ஒன்றோடொன்று ஒட்டும் பழக்கமே இல்லாத ‘எல்’ செல்கள் என்னும் எலிச் செல்களுக்குள், கேட்ஹெரினில் ஒரு வகையான இ-கேட்ஹெரினின் மரபணுவைச் செலுத்தியதும் அவை நெருங்கி நின்று இறுகப் பற்றிக்கொண்டன.

ஆகவே உங்கள் குடுவையில் ஈடிடிஏ செய்வது இரட்டை வேலை. கேட்ஹெரினை டிரிப்சினிடம் காட்டிக்கொடுக்கிறது. செல்லை அடிப்பரப்போடு பிணைக்கும் இன்டெக்ரின் என்னும் புரதங்களுக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகள் தேவை என்பதால் அவற்றின் பிடியையும் தளர்த்துகிறது. செல்களை நெடுநேரம் அதில் ஊறவிடாதீர்கள்; வெட்டுப்பட்ட புரதங்களைச் செல் மறுபடி செய்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும்.

கே: கல்லீரல் செல் கல்லீரலோடும் தோல் செல் தோலோடும் சேர்ந்திருக்கின்றன. இனம் இனத்தோடு சேரும் என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

ப: கடற்பஞ்சு என்னும் உயிரியை மெல்லிய பட்டுத் துணியின் வழியே பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினாலும், அவை மீண்டும் கூடி முழுக் கடற்பஞ்சாகிவிடுகின்றன என்று எச். வி. வில்சன் 1907-இலேயே காட்டினார். 1955-இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃபிரெட்டரும் தவளை போன்ற நீர்நில வாழ்விகளின் கருச் செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டார்கள். அவை தாமாகவே பிரிந்து, தோலாக வேண்டியவை வெளியிலும் மற்றவை உள்ளுமாக அடுக்கிக்கொண்டன. எந்த மூலக்கூறு இதைச் செய்கிறது என்பதுதான் அப்போது தெரிந்திருக்கவில்லை.

டகேய்ச்சியின் குழு 1988-இல் ஒரே ‘எல்’ செல் வகையை இரு பங்காக்கி, ஒன்றுக்கு இ-கேட்ஹெரினையும் மற்றதற்கு இன்னொரு வகையான பி-கேட்ஹெரினையும் கொடுத்துக் கலந்தபோது, இ வகை இ வகையோடும் பி வகை பி வகையோடும் சேர்ந்தன. கருவிலும் இதைக் காணலாம். முதுகுப்புறத்துத் தோல் படலத்தில் ஒரு பகுதி குழிந்து, நரம்புக் குழலாகப் பிரியும்போது, அந்தச் செல்கள் இ-கேட்ஹெரினைக் கைவிட்டு என்-கேட்ஹெரினுக்கு மாறுகின்றன. மூளையும் தண்டுவடமும் தோலிலிருந்து விலகி உள்ளே போகும் அந்த வேளையில் செல்லின் மேற்பரப்பிலும் பிடிமானம் மாறிவிடுகிறது.

ஆனால் இதை இனவுணர்வு என்று எண்ணிவிடக் கூடாது. கேட்ஹெரின் குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்கள் இருந்தாலும், வகையைப் போலவே அளவும் முக்கியம். ஒரே கேட்ஹெரினைக் கூடுதலாக வைத்திருக்கும் செல்கள் உள்ளே திரள, குறைவாக வைத்திருப்பவை அவற்றைச் சுற்றிப் படர்கின்றன என்று மால்கம் ஸ்டைன்பெர்க்கும் டகேய்ச்சியும் 1994-இல் சேர்ந்து காட்டினார்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரிவதற்கு ஒன்றுக்கொன்று பகை தேவையில்லை அல்லவா?

கே: ஒட்டுவது ஒரு வேலை, சமிக்ஞை அனுப்புவது வேறு வேலை. இரண்டையும் ஏன் எப்போதும் சேர்த்தே எழுதுகிறார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: சேர்த்து எழுதக் காரணம், இரண்டையும் செய்வது ஒரே புரதக் கூட்டம் என்பதுதான்.

கேட்ஹெரின் செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதன் வெளிமுனை பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினைப் பற்றுகிறது. உள்முனையோடு சேர்ந்திருக்கும் புரதங்களை ஜெர்மனியில் ரோல்ஃப் கெம்லரின் குழு 1989-இல் இனங்கண்டு, சங்கிலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கேட்டினின்கள் என்று பெயரிட்டது. கேட்ஹெரினைச் செல்லுக்குள் சட்டகமாக இருக்கும் ஆக்டின் என்னும் புரத இழைகளோடு கோப்பவை என்பதால் பெயர் பொருத்தமே. ஆனால் 1991-இல் பீட்டா-கேட்டினினின் அமைப்பைப் படித்தபோது, அது பழ ஈயின் ஆர்மடில்லோ என்ற புரதத்துக்கு நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. அந்த ஆர்மடில்லோவோ, கருவில் ஈயின் உடற்கண்டங்கள் ஒழுங்காக அமைவதற்கான சமிக்ஞைப் பாதையில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த புரதம். கேட்ஹெரினைப் பிடித்திருக்கும் பீட்டா-கேட்டினின் ஒட்டுதலுக்கு உதவுகிறது. எதையும் பிடிக்காமல் உள்ளே திரியும் பீட்டா-கேட்டினினைச் செல் உடனுக்குடன் அழித்துவிடுகிறது. வின்ட் என்னும் சமிக்ஞை வெளியிலிருந்து வந்தால் மட்டும் அந்த அழிப்பு நின்று, திரண்ட பீட்டா-கேட்டினின் உட்கருவுக்குள் புகுந்து மரபணுக்களை இயக்குகிறது. அழிப்புக்குத் துணைபுரியும் ஏபிசி (APC) மரபணு பழுதடைந்திருப்பதைப் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் காணலாம்.

இன்டெக்ரினில் இந்த இரட்டை வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். ரிச்சர்ட் ஹைன்ஸும் உடன் உழைத்தவர்களும் 1986-இல் பெயரிட்ட இந்தப் புரதம், செல்லுக்கு வெளியே உள்ள நார்ப்பரப்பை உள்ளே இருக்கும் சட்டகத்தோடு இணைக்கிறது. அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் ஓடும், காயத்தை அடைக்க உதவும் ஒவ்வொரு தட்டணுவின் மேலும் ஏறத்தாழ 80,000 இன்டெக்ரின்கள் மடங்கிய நிலையில் இருக்கின்றன. கிழிந்த குழாய்ச் சுவரின் கொலாஜனைத் தட்டணு தொட்டதும் உள்ளிருந்து கட்டளை பிறந்து, இன்டெக்ரின்கள் நிமிர்ந்து, இரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் என்னும் புரதத்தைப் பற்றுகின்றன. பற்றியதும் அந்தச் செய்தி மறுபடி உள்ளே போய்த் தட்டணுவைப் பரந்து படியச் செய்கிறது. ஓடும்போதே அவை நிமிர்ந்திருந்தால் குழாய்க்குள்ளேயே இரத்தம் கட்டிவிடும்.

இந்த இன்டெக்ரின் பிறவியிலேயே குறைந்திருந்தால் சிறு காயமும் எளிதில் நிற்காது. 1918-இல் கிளான்ஸ்மான் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்த இந்த நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும் என்பதால், அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு வாய்ப்புக் கூடுதல். நேர்மாறாக, மாரடைப்பின்போது இதே பிடியை வேண்டுமென்றே தடுக்கும் டைரோஃபிபான் என்ற மருந்துக்கு வழிகாட்டியது, நம் வயற்காட்டுச் சுருட்டை விரியனின் நஞ்சிலுள்ள எக்கிஸ்டாடின் என்ற 49 அமினோ அமிலப் புரதம்.

கே: ஒட்டுதல் விட்டுப்போவதால்தான் புற்றுநோய் பரவுகிறதா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: சில புற்றுநோய்களில் அது முதற்காரணம். நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகப் பலர் இளவயதிலேயே இரைப்பைப் புற்றுநோயால் இறந்ததைத் தொடர்ந்து நடந்த ஆய்வில், இ-கேட்ஹெரின் மரபணுவின் பழுதே காரணம் என்று 1998-இல் வெளிப்பட்டது. இந்த வகையில் செல்கள் கட்டியாகத் திரளாமல் தனித்தனியே இரைப்பைச் சுவருக்குள் சிதறிக் கிடப்பதால் உள்நோக்கிக் கருவிக்கும் தொடக்கத்தில் அகப்படுவது அரிது. ஆனால் எல்லாப் புற்றுநோய்களுக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. பல கட்டிகள் கேட்ஹெரினை இழக்காமலே, கூட்டமாகவே நகர்ந்து பரவுகின்றன. தவிர, பிடிப்பை இழந்த இயல்பான செல் பொதுவாகத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ‘வீடற்ற நிலை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதனை அனாய்கிஸ் என்று 1994-இல் பெயரிட்டார்கள். பரவும் புற்றுச் செல் பிடியை விடுவதோடு நிற்காமல் இந்தச் சாவையும் ஏமாற்றியாக வேண்டும்.

கே: கேட்ஹெரினுக்குக் கால்சியம் வேண்டுமென்றால், கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் செல்கள் உறுதியாக ஒட்டுமா? (வாசகர், வேலூர்)

ப: ஒட்டாது. இரத்தக் கால்சியத்தை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் காத்துவைத்திருக்கிறது. கேட்ஹெரினுக்கு அதுவே தாராளம். மாத்திரையை எலும்புக்காக, மருத்துவர் சொன்னால் சாப்பிடுங்கள்.

கே: என் பேரனுக்குத் தொப்புள்கொடி விழ 16 நாள் ஆயிற்று. வெள்ளையணு ஒட்டாத நோயில் கொடி விழத் தாமதமாகும் என்று படித்துவிட்டுக் கலங்கிப்போயிருக்கிறேன். (பாட்டி, சேலம்)

ப: கலங்க வேண்டாம், அம்மா. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கொடி விழும். சில நாள் முன்பின் ஆவது இயல்பே. நீங்கள் படித்த நோய் மிக அரிது. வெள்ளையணுக்கள் இரத்தக் குழாயின் உட்சுவரைப் பற்றி நின்று, பிறகு இடுக்கில் நுழைந்து திசுவுக்குள் செல்ல ஒரு வகை இன்டெக்ரின் தேவை. அதன் பாதியாகிய சிடி18 என்ற புரதம் பழுதானால் அவை குழாயைவிட்டு வெளியேறவே முடியாது. அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகுதியாக இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது, ஏனெனில் சீழ் என்பதே அங்கு வந்து மடிந்த வெள்ளையணுக்கள்தாம். கொடி மூன்று நான்கு வாரத்துக்கு மேலும் விழாமல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து, சீழே இல்லாத புண்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் குழந்தை மருத்துவர் அதை நினைப்பார். உங்கள் பேரனுக்குக் கொடி விழுந்த இடம் காய்ந்து, பால் குடித்து எடை கூடி வந்தால் போதும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.