பத்திரிகைக்கு ஒரு தூளி

கேள்வி: வாரப் பத்திரிகைகள் கட்டில், டிவி மேல் என்று வீடெல்லாம் கிடக்கின்றன. மாம்பழப் பெட்டிப் பலகை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதில் துணித் தூளி தொங்கும் பத்திரிகை ஸ்டாண்டு செய்யலாமா? அந்தத் துணிக்குப் பெயிண்ட் அடிக்கவும் ஆசை.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: செய்யலாம், ஆனால் காலுக்கு அந்தப் பலகை வேண்டாம், ஆணி அடித்தாலே பிளந்துவிடும். மரக்கடையில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வாங்கி ஒன்றரை அடியில் நாலு துண்டு அறுத்து, இரண்டிரண்டாகப் பெருக்கல் குறி போல வைத்து, நடுவில் துளை போட்டு போல்ட்டு மாட்டுங்கள். இரண்டு குறிகளையும் மேலே ஓரடி உருளைக் கம்பு இரண்டால் இணைத்தால் (பழைய துடைப்பக் கம்பே போதும்) தூளி தொங்க இடம் தயார். ஆனால் ஒன்று, பத்திரிகைப் பாரம் ஏற ஏறக் கால் விரிந்துகொண்டே போகும், அதனால் கீழே ஒவ்வொரு குறியின் இரண்டு காலையும் சேர்க்கும் குறுக்குச் சட்டம் அவசியம். உங்கள் பெட்டிப் பலகை அதற்கு ஆகும், முதலில் சின்னத் துளை போட்டுவிட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள்.

துணிக்குக் கெட்டிக் காடா, 11 அங்குல அகலம், 30 அங்குல நீளம். புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், அலசாமல் அடித்தால் பெயிண்ட் ஒட்டாது. பேப்ரிக் பெயிண்டை ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும். அப்புறம்தான் இரு முனையையும் கம்பு நுழைகிற அளவு மடித்துத் தையுங்கள். நான் முதலில் தைத்து மாட்டிவிட்டு, அடியில் பிரஷ் எட்டாமல் தரையில் படுத்துக்கொண்டு வரைந்தேன்.

ரோஜாவை, அது விளையும் ஓசூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் ஒரு மல்கோவா வரையுங்களேன்.