ஒரு மீட்டரை நெருங்கும் அளவுகள்: கேள்வி பதில்

கேள்வி: 1000 மி.மீ. மைக்ரோமீட்டரில் (திருகு வைத்து நுட்பமாக அளக்கும் கருவி) காலையில் ஜீரோ சரியாக இருந்தது. மதியம் 0.035 மி.மீ. தள்ளி நிற்கிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரு மீட்டர் எஃகு, டிகிரிக்கு 0.0115 மி.மீ. நீளும். ஃபிரேமுக்கும் (கருவியின் சட்டம்) செட்டிங் ராடுக்கும் (ஜீரோ சரிபார்க்கும், நீளம் தெரிந்த கம்பி) 3 டிகிரி வித்தியாசம் இருந்தாலே உங்கள் 0.035 வந்துவிடும். வெறுங்கையால் ஃபிரேமைப் பிடித்திருப்பார்கள், அல்லது ராட் ஜன்னல் வெயிலில் கிடந்திருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட இடத்தில் மட்டும் பிடியுங்கள். மைக்ரோமீட்டர், ராட், ஜாப் (அளக்க வேண்டிய பொருள்) மூன்றும் ஒரே இடத்தில் சில மணி நேரமாவது கிடக்கட்டும். அளக்கும் முன்பும் பின்பும் ஜீரோ பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் இடையில் எடுத்த ரீடிங்கைத் தூக்கிப் போடுங்கள்.

படுக்க வைத்து ஜீரோ செய்துவிட்டு நிமிர்த்தி அளப்பதும் வழக்கமான தவறு. இவ்வளவு பெரிய ஃபிரேம் தன் எடையிலேயே வளையும். ஷாஃப்டில் (உருளைத் தண்டு) எந்த நிலையில் பிடிப்பீர்களோ, அதே நிலையில் ஜீரோ செய்யுங்கள்.

கேள்வி: செட்டிங் ராடை எப்படித் தாங்குவது?

பதில்: இரண்டே இடத்தில். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.211 பங்கு உள்ளே, 1000 மி.மீ. ராடுக்கு 211 மி.மீ. அப்போதுதான் இரு முனை முகங்களும் இணையாக நிற்கும்.

கேள்வி: 20 டிகிரி அறை (அளவுகளுக்கான தர வெப்பநிலையில் வைத்த அறை) இல்லாமல் அளக்கவே முடியாதா?

பதில்: முடியும். ஜாபும் கருவியும் எஃகு, வெப்பமும் ஒன்று என்றால் 32 டிகிரியிலும் பயமில்லை, இரண்டும் சேர்ந்தே நீள்கின்றன. வெண்கலம் அப்படியல்ல: 800 மி.மீ. புஷ் (உருளை வளையம்) அதே 32 டிகிரியில் 0.06 கூடுதலாகக் காட்டும். அதைவிட ஆபத்து, லேத்தில் கடைந்த சூட்டோடு அளப்பது. 600 மி.மீ. ஷாஃப்ட் 10 டிகிரி சூடாக இருந்தால் 0.07 அதிகம் காட்டும். அதை நம்பி ஃபினிஷ் கட் (கடைசிக் கடைசல்) போட்டால் ஆறியதும் அண்டர்சைஸ், அதாவது அளவு குறைந்துவிடும். கழித்ததை ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: 1000 மி.மீ. போரை (துளையை) இன்சைடு மைக்ரோமீட்டரில் (உள்விட்டம் அளப்பது) இருவர் அளந்தால் இரு அளவு வருகிறது.

பதில்: ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையை ஆட்டிப் பார்க்கும் விதம்தான் காரணம். துளையின் குறுக்கே ஆட்டும்போது மிகப் பெரிய அளவைத் தேடுங்கள். நீளவாக்கில் ஆட்டும்போது மிகச் சிறியதை. நீளவாக்கில் 5 மி.மீ. விலகினால் 0.0125 கூடும், 10 மி.மீ. விலகினால் 0.05. நீட்டிப்பு ராடுகளில் நீளமானதை ஹெட்டுக்கு (அளவு படிக்கும் தலைப் பகுதி) அடுத்து மாட்டுங்கள். இணையும் முகங்களைத் துடையுங்கள். அங்கே ஒட்டும் தூசி அப்படியே அளவில் சேரும்.

கேள்வி: பை டேப் (சுற்றிக் கட்டினால் விட்டத்தைக் காட்டும் டேப்) போதாதா?

பதில்: மெல்லிய வளையத்துக்கு அதுதான் நல்லது, மைக்ரோமீட்டர் அழுத்தினால் வளையம் நசுங்கும். ஆனால் அது சராசரி விட்டத்தைத்தான் தரும், ஓவாலிட்டி (வட்டம் கோணி நீள்வட்டமாகியிருப்பது) தெரியாது. டேப் சாய்ந்தாலும் அடியில் உலோகச் சுருள் மாட்டினாலும் அளவு ஏறும், ஒருபோதும் இறங்காது.

கேள்வி: 2 மீட்டர் வெர்னியர் (நகரும் ஸ்லைடு உள்ள அளவுகோல்) போதுமா?

பதில்: 0.5 மி.மீ. டாலரன்ஸுக்கு (அனுமதிக்கும் விலகல்) சரி. 0.05 கேட்டால் வேண்டாம்: ஜா (பொருளைப் பிடிக்கும் தாடை) நுனியில் அளந்தால், ஸ்லைடு துளி சாய்ந்தாலும் அது ஜாவின் நீளத்துக்கேற்பப் பிழையாகப் பெருகும்.