தியாகராயரின் நாற்பது ஆண்டுகள்

கேள்வி: தேடி வந்த முதலமைச்சர் பதவியை மறுத்த சர் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியில் அப்படி என்ன சாதித்தார்?

பதில்: 1852இல் பிறந்த தியாகராயர், நெசவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த செல்வர். 1882இல் மாநகராட்சி உறுப்பினரான அவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த மன்றத்தை விட்டு அகலவில்லை. 1916இல் அவருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்த டாக்டர் டி.எம். நாயர், அதற்கு முன்பு இதே மன்றத்தில் அவரோடு கடுமையாக மோதியவர் என்பதும், இருவரையும் ஒன்றுசேர்த்தவர் டாக்டர் நடேசனார் என்பதும் பலர் அறியாதவை. 1920 தேர்தலில், நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்ட அந்தச் சங்கம் வென்றதும் ஆளுநர் வில்லிங்டன் தியாகராயரையே ஆட்சியமைக்க அழைத்தார். அவர் மறுத்துவிட, சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். பதவியைத் துறந்த பெருந்தன்மை என்று மேடைகளில் இதைப் புகழ்வதுண்டு. அதிகாரமே வேண்டாமென்று அவர் ஒதுங்கிவிடவில்லை என்பதே என் கருத்து. அரசு அதிகாரி அல்லாதவராக முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சித் தலைவர் என்ற பொறுப்பு அப்போது அவர் கையில்தான் இருந்தது; 1922 வரை அதில் நீடித்தார். (மேயர் என்ற பதவிப்பெயர் 1933இல்தான் மீண்டும் வந்தது.)

கேள்வி: பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியவரும் தியாகராயரே என்கிறார்களே, அது காமராசர் அல்லவா?

பதில்: மாநிலம் தழுவிய திட்டமாக அதை 1956இல் விரித்த பெருமை காமராசருக்கே உரியது. ஆனால், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் தீர்மானம், தியாகராயர் தலைமையில் 1920 செப்டம்பர் 16 அன்றே நிறைவேறியது. அங்கு படிப்பவர்கள் ஏழைகள், வறுமையே வருகையைக் குறைக்கிறது என்று மன்றத்தில் அவர் எடுத்துரைத்தார். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு) மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்லியே பழகிய ஒரு நகரசபைக்காரரின் கை அந்த ஓரணாவில் தெரிகிறது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிவடைய, 1922-23இல் 811ஆக இருந்த அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. இத்தனை பலன் தந்தும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கில அரசு அனுமதி மறுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நின்றுபோனது. தியாகராயர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.