அழிந்த விலங்கு திரும்ப வருமா? கேள்வி பதில்

வணக்கம். நான் கால்நடை மருத்துவர், வேப்பேரியில் படித்தவள். கரு மாற்று என் வேலை. புதைபடிவம் என் துறை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேளுங்கள்.

வேளச்சேரி: அழிந்துபோன விலங்கை இதுவரை யாராவது நிஜமாகவே கொண்டுவந்திருக்கிறார்களா அக்கா?

ஒரே ஒரு தடவை, அதுவும் சில நிமிடங்களுக்கு. ஸ்பெயினின் பைரனீஸ் மலையில் புகார்டோ என்று ஒரு காட்டு ஆடு இருந்தது. கடைசியாக மிஞ்சிய பெண் ஆடு 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. ஆனால் முந்தின வருடமே அதன் தோலில் கொஞ்சம் எடுத்து உறையவைத்திருந்தார்கள், அதன் செல் மிஞ்சியது அதனால்தான்.

அப்புறம் செய்தது நாங்கள் மாட்டிலும் எருமையிலும் செய்கிற அதே க்ளோனிங் வேலை. வீட்டு ஆட்டின் கருமுட்டையை எடுத்துக்கொள்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தூசி மாதிரிகூடத் தெரியாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு பக்கம் மழுங்கின கண்ணாடிக் குழாய் முட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து கூரான குழாயை நுழைத்து உட்கருவை மட்டும் இழுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் தோல் செல்லை வைத்து, லேசாக மின்சாரம் கொடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிடித்தால் கரு, இல்லையென்றால் கழிவு. 57 தாய் ஆடுகளின் கருப்பையில் வைத்ததில் 7 சினை பிடித்தது, ஒன்றுதான் பிறந்தது, 2003 ஜூலையில். நுரையீரலில் ஒரு பகுதி கூடுதலாக வளர்ந்திருந்ததால் மூச்சுவிட முடியாமல் போய்விட்டது.

பிழைத்திருந்தாலும் என்ன? கடைசி ஆடு பெண். அதன் செல்லிலிருந்து கிடா வராது.

இன்று யார் என்ன கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கப்போவது ஒன்றுதான்: தாய் எங்கே? முட்டை யாருடையது, யார் சுமப்பது, பிறந்த பிறகு யார் வளர்ப்பது?

அம்பத்தூர்: மரப்பிசின் கல்லாக இறுகின அம்பருக்குள் மாட்டிக்கொண்ட கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசர் ரத்தம் எடுக்க முடியாதா?

முடியாது. டிஎன்ஏ சிதைந்துகொண்டே போகும். இதுவரை படித்ததில் மிகப் பழையது கிரீன்லாந்து மண்ணில் கிடைத்தது, சுமார் 20 லட்சம் ஆண்டு. டைனோசர் போய் 6.6 கோடி ஆண்டு ஆகிறது. சரி, கிடைத்தது என்றே வையுங்கள், தாய் எங்கே?

மடிப்பாக்கம்: மாமூத் என்கிற அந்தக் கால உரோம யானை வந்துவிடும் என்கிறார்களே மேடம்?

மாமூத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்க யானை இல்லை, நம் ஆசிய யானைதான். அதன் செல்லில் மாமூத்தின் சில மரபணுக்களைத் திருத்தி வைத்து, 2028க்குள் கன்று என்று அமெரிக்காவின் கொலோசல் நிறுவனம் சொல்கிறது. யானைக்குச் சினைக்காலம் 22 மாதம். ஆட்டிலேயே 57க்கு ஒன்று. நாளைக்கு யாராவது முதுமலையிலிருந்து இத்தனை பெண் யானை வேண்டும் என்று கேட்டால் கொடுப்பீர்களா? அதுவே அழிவின் விளிம்பில் இருக்கிற இனம்.

அரியலூர்க்காரன், இப்போது போரூர்: எங்கள் ஊரில் பொறுக்கிய அம்மோனைட், அதாவது சுருள் ஓட்டுக் கடல் பிராணியின் புதைபடிவம், வைத்திருக்கிறேன், அதில் டிஎன்ஏ?

அது கல் தம்பி. பத்திரமாக வையுங்கள்.

மயிலாப்பூர்: அழிந்துபோன டோடோ பறவையைக் கோழி மூலமாகக் கொண்டுவருவதாகப் படித்தேன்.

பறவையை ஆடு மாடு மாதிரி க்ளோன் செய்ய முடியாது. மஞ்சள் கருவோடு இருக்கிற முட்டைக்குள் உட்கருவைத் தேடி மாற்றுவது நடக்காத காரியம், வெளியே வந்த முட்டையிலோ ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் செல் பெருகியிருக்கும். அதனால் விந்தாகவும் முட்டையாகவும் மாறப்போகிற ஆதி செல்களைப் பிடித்துத் திருத்தி, வேறு பறவையின் கருவில் ஏற்றப் பார்க்கிறார்கள். டோடோவுக்குக் கிட்டத்துச் சொந்தம் நிக்கோபார் புறா, நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே இருக்கிறது.

பெரம்பூர்: அழிந்துபோன டைர் ஓநாய்தான் வந்துவிட்டதே? 2025இல் போட்டோவே போட்டார்கள். நீங்கள் ஒரே தடவை என்கிறீர்கள்.

பிறந்தது சாம்பல் ஓநாய். அதன் செல்லில் 20 இடத்தில் திருத்தம் செய்து, வளர்ப்பு நாயின் வயிற்றில் வைத்தார்கள். அறிவிப்பு வேறு, விலங்கு வேறு.

பெரம்பூர்: பெரிதாக, வெள்ளையாக, பார்க்க அப்படியே இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான் சார். டைர் ஓநாய்க்கும் சாம்பல் ஓநாய்க்கும் 99.5 சதவீதம் ஒற்றுமை என்று இதைச் செய்த அதே கொலோசல் நிறுவனமே சொல்கிறது. ஓநாயின் மரபுத்தொகுதி சுமார் 240 கோடி டிஎன்ஏ எழுத்து. அதில் அரை சதவீதம் என்றால் 1 கோடியே 20 லட்சம். திருத்தியது 20. இவை 20 திருத்தம் செய்த சாம்பல் ஓநாய்கள்தான் என்று அவர்களுடைய தலைமை விஞ்ஞானி பெத் ஷாபிரோவே பிறகு சொல்லிவிட்டார்.

பெரம்பூர்: அப்படியானால் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்ட சிவிங்கிப்புலியும் போலிதானே? நம் நாட்டில் இருந்தது ஆசிய வகை, வந்தது ஆப்பிரிக்கா.

தாம்பரம்: இனம் ஒன்றுதானே, இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாதீர்கள், பெரம்பூர் சார் கேட்டது நல்ல கேள்வி. 1952இல் இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவித்தது ஆசிய வகை, இன்று அது ஈரானில் மட்டும் கொஞ்சம் மிச்சம். 2000 வாக்கில் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் அதை க்ளோன் செய்ய யோசித்தார்கள், ஈரான் விலங்கும் தரவில்லை, செல்லும் தரவில்லை. கடைசியில் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 வந்தன. ஆனால் அதை யாரும் ஆசிய வகை என்று பெயர் மாற்றி விற்கவில்லை. அப்புறம் முக்கியமானது, அந்த இனம் இன்றும் ஆப்பிரிக்கக் காட்டில் வாழ்கிறது, வேட்டை சொல்லிக்கொடுக்கத் தாய் இருக்கிறது. ஆனால் அந்த ஓநாய்க் குட்டிகளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது மனிதர்கள். டைர் ஓநாய் எப்படிக் கூட்டமாய் வேட்டையாடியது என்று சொல்லிக்கொடுக்க எந்தத் தாய் இருக்கிறது?

பெரம்பூர்: இருந்தாலும்...

போதும் சார், அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

ஆவடி: டைனோசர் முட்டை கிடைத்தால்?

அம்பத்தூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கொளத்தூர்: எங்கள் ராஜபாளையம் நாய் இறந்து நாலு நாள், ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். க்ளோன் ஆகுமா?

வருத்தமாக இருக்கிறது. ஆனால் வீட்டு ஃப்ரீசரில் பனி ஊசிகள் செல்லைக் கிழித்துவிடும். க்ளோன் செய்ய முடிந்தாலும்கூட வருவது வேறு நாய்தான். அடக்கம் செய்துவிடுங்கள்.

ராயபுரம்: டைனோசரை விடுங்கள், மனிதனுக்கு நெருங்கிய உறவான, அழிந்துபோன நியாண்டர்தால்?

எந்தப் பெண்ணிடம் போய்க் கேட்பீர்கள்? அடுத்தது.

அண்ணா நகர்: அப்போது இந்த ஆராய்ச்சியே வீணா?

இல்லவே இல்லை, உயிரோடு இருக்கிற இனத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. அமெரிக்காவில் கருங்கால் ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு பிராணி. 1988இல் செத்த ஒன்றின் செல்லை உறையவைத்திருந்தார்கள், 2020 டிசம்பரில் அதிலிருந்து குட்டி பிறந்தது. அதே செல்லிலிருந்து வந்த இன்னொரு க்ளோன் 2024இல் தானே குட்டி போட்டது. அங்கே தாய் இருந்தாள், கூட்டம் இருந்தது, அதனால் நடந்தது. நம் வரையாட்டுக்குத் தமிழக அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது. செல்லைச் சேமிப்பதானால் கிடா, பெட்டை இரண்டிலும், வெவ்வேறு மலையிலிருந்தும் எடுக்க வேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் பைக்கில் கட்டிவருகிற கேனைப் பார்த்திருப்பீர்கள், அதே திரவ நைட்ரஜன்தான், மைனஸ் 196 டிகிரி. ஆவியாகிக்கொண்டே இருக்கும், தீரும் முன் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு முப்பது வருடம் சம்பளம் கொடுக்க யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.